உஷ்! கீழ்வீட்டு மனிசி வந்திடுவா



ஜேர்மனியின் தொடர்மாடிகளில் வாழும் எம்மவர் வீடுகளில் ஒரு நாளில் அதிக தடவை சொல்லப்படும் சொல் எது என்று கேட்டால், "சாப்பிடு" என்பது முதலாவதாக இருக்கக்கூடும். இரண்டாவது, சந்தேகமின்றி, "உஷ்" என்பதுதான். "குதிக்காதை, கீழ்வீட்டு மனிசி வந்திடுவா." "கதிரையை இழுக்காதை, பொலிசுக்கு அடிச்சுப்போடுவினம்." எமது குழந்தைகள் பேசத் தொடங்குமுன்னரே இந்த வசனங்களைக் கேட்டுப் பழகிவிடுகின்றன. ஊரிலே பூச்சாண்டி செய்த வேலையை இங்கே கீழ்வீட்டுக்காரர் செய்கிறார்; அதுவும் தாம் அப்படியொரு பதவியில் இருப்பதே தெரியாமல்!

எமது அங்கத்தவர் ஒருவர் தமது ஐந்து வயது மகளைக் கோடை விடுமுறையில் நகரத்துக்கு வெளியே பெரியதொரு புல்வெளிக்குக் கூட்டிச் சென்றார். காரிலிருந்து இறங்கிய பிள்ளை சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு முதலாவதாகக் கேட்ட கேள்வி, "அப்பா, இங்கை கத்தலாமோ?" என்பதாகும். இதைக் கேட்ட எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய விடயம்தான். ஆயினும் ஐந்து வயதுப் பிள்ளை தன் குரலுக்கு அனுமதி கேட்கும் நிலைக்கு எப்படி வந்தது என்று சற்று யோசித்துப் பார்க்கவும் வேண்டும்.

எம் முன்னாலுள்ள கேள்வி இதுதான். நாம் பிள்ளைகளை அடக்கும்போது அவர்களுக்குக் கற்பிப்பது அயலவர்மீது கொள்ளும் அக்கறையையா, அல்லது அயலவர்மீது கொள்ளும் பயத்தையா? வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டு வீட்டிலும் பிள்ளை சத்தமின்றி இருக்கும். ஆனால் கீழ்வீட்டுக்காரர் விடுமுறைக்குப் போய்விட்டார் என்று தெரிந்தவுடன், பயந்த பிள்ளை கட்டில்மேல் ஏறிக் குதிக்கும். அந்த வீட்டில் யார் இருக்கிறார், யாருக்கு நித்திரை வேண்டும் என்று அறிந்த பிள்ளையும் குதிக்கத்தான் செய்யும். ஆனால் அவர் திரும்பிவரும் நாளை அது தானாகவே நினைவில் வைத்திருக்கும். பயந்த பிள்ளையிடம் இன்னொன்றும் மிஞ்சுகிறது. "எங்களை அவைக்குப் பிடிக்காது" என்ற எண்ணம்தான் அது. இதை யாரும் அதற்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. நாம் சொல்லும் முறையிலிருந்து அதுவே எடுத்துக்கொள்கிறது.

இந்தப் பயம் எமது பெற்றோர் தலைமுறைக்கு ஆகாயத்திலிருந்து விழுந்ததன்று. 1983 ஜூலைக்குப் பின் இந்நாட்டுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தமது முதல் ஆண்டுகளைக் கழித்தது அகதி முகாம் அறைகளில்தான். மெல்லிய சுவர், பொதுவான குசினி, எப்போது வரும் என்று தெரியாத முடிவுக் கடிதம். அப்படி வாழ்ந்தவர்கள், தம்மீது ஒரு முறைப்பாடுகூட வரக்கூடாது என்று நினைத்தது இயல்பே. அதன்பின் 1992 ஓகஸ்டில் ரொஸ்ரொக் நகரின் லிஹ்ரன்ஹாகனில் அகதி விடுதியும் வியட்நாமியத் தொழிலாளர் வாழ்ந்த கட்டிடமும் பல நாட்களாகத் தாக்கப்பட்டன. கல்லெறிந்தவர்களைவிட எம்மவரை அதிகம் உலுக்கியது, அயலிலே கூடிநின்று கைதட்டிய சாதாரண சனங்களின் காட்சிதான். அதே ஆண்டு நவம்பரில் மோல்ன் நகரிலும், 1993 மே மாதத்தில் சோலிங்கனிலும் துருக்கியக் குடும்பங்களின் வீடுகள் இரவிலே கொளுத்தப்பட்டன. சோலிங்கனில் மாத்திரம் இளம்பெண்களும் சிறுமிகளுமாக ஐந்துபேர் இறந்தார்கள். சோலிங்கன் எமக்குத் தூரத்து ஊரன்று; றூர் பிரதேசத்தில் வாழ்ந்த எம்மவர் பலருக்கு அது பக்கத்து ஊர். அந்த நாட்களில் "உஷ்" என்று சொன்ன தாயைக் கோழை என்று சொல்ல எவருக்கும் தகுதியில்லை.

ஆனால் காரணம் மாறிய பின்னும் பழக்கம் அப்படியே கைமாறிக்கொண்டிருக்கிறது. இன்று சிறு பிள்ளைகளை வளர்ப்பவர்கள், அந்த அறைகளில் அடக்கி வளர்க்கப்பட்ட பிள்ளைகளே. அவர்களிற் பலர் இந்நாட்டுப் பிரஜைகள். டொச் மொழியை அயலவரைவிடத் திருத்தமாகப் பேசுகிறார்கள். இருந்தும் பிள்ளையின் கையிலிருந்து ஒரு மரக்கட்டை நிலத்தில் விழுந்தால், அவர்கள் முகத்தில் ஒரு கணம் வந்துபோவது அவர்களுடைய தாயாரின் முகம்தான்.

இதற்கு நேர்மாறான இன்னொரு சாராரும் இப்போது இருக்கிறார்கள். "சட்டம் எங்கட பக்கம், பிள்ளையள் எண்டால் சத்தம் போடத்தான் செய்வினம்" என்பது இவர்கள் வாதம். இது பாதி உண்மை. பாலர் பாடசாலைகளுக்கும் விளையாட்டிடங்களுக்கும் எதிராக அயலவர்கள் வழக்காடிய காலம் ஒன்று இந்நாட்டில் இருந்தது. அதற்கு முடிவு கட்டும் நோக்குடன் 2011ஆம் ஆண்டில் சமஷ்டிச் சட்டம் திருத்தப்பட்டது. பாலர் பாடசாலை, பிள்ளைகளின் விளையாட்டிடம் என்பவற்றிலிருந்து எழும் பிள்ளைகளின் ஒலி, சாதாரண நிலையில் சுற்றாடலுக்குக் கேடான ஒலியாகாது. அதைத் தொழிற்சாலை இரைச்சல்போல அளவுகோல் வைத்து அளக்கக் கூடாது என்பதே அத்திருத்தத்தின் சாரம். நல்ல சட்டம். ஆனால் அது விளையாட்டிடத்தைப் பற்றிப் பேசுகிறதேயன்றி, மூன்றாம் மாடியில் இரவு ஒன்பதரைக்குப் பந்தடிப்பதைப் பற்றியன்று. 2017இல் பேர்லின் வழக்கொன்றில், கார்ல்ஸ்றூவே நகரிலுள்ள சமஷ்டி நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. தொடர்மாடியில் சிறு பிள்ளைகளின் ஒலியை அயலவர் ஓரளவு பொறுக்கத்தான் வேண்டும், எனினும் அந்தப் பொறுமைக்கும் எல்லை உண்டு, அந்த எல்லை பிள்ளையின் வயதையும் நிலைமையையும் பொறுத்தது என்பது அதன் நிலைப்பாடு.

ஆகவே சட்டத்தைத் துணைக்கழைப்பவரும் முழுதாகப் பாதுகாக்கப்படவில்லை. சட்டம் சொல்வது ஒரு மனிதர் எவ்வளவைச் சகிக்கக் கடமைப்பட்டவர் என்பதை மாத்திரமே. அவர் சகிக்கக் கடமைப்பட்டதன் கடைசி விளிம்புவரை நாம் போகவேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை.

ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. "ஊரிலை நாங்கள் எவ்வளவு கத்தி விளையாடினோம், ஆர் கேட்டது?" என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுவதுண்டு. உண்மைதான். அங்கே வளவும் முற்றமும் கிணற்றடியும் வாழைத்தோட்டமும் எமது சத்தத்தைக் குடித்துவிட்டன. ஒருவர் தலைக்குமேல் மற்றவர் வாழவில்லை. எமது பண்பு பெரிதாக இருந்ததாலன்று, எமது காணி பெரிதாக இருந்ததாலேயே பிள்ளைகளின் கூச்சல் யாரையும் உறுத்தவில்லை. எல்லை உறுத்திய இடத்தில் நாம் எப்படி நடந்தோம் என்பதற்கு, தலைமுறை தலைமுறையாக நீண்ட எமது வேலிச் சண்டைகள் சாட்சி! ஒரு கதியால் ஒரு முழம் தள்ளி நாட்டப்பட்டதற்காக நீதிமன்றப் படியேறியவர்கள் நாம். விடியற்காலை ஒலிபெருக்கியை எழுப்பிவிட்டு, அயலிலே நோயாளி இருக்கிறாரா என்று கேட்காதவர்களும் நாமே. அதையுங்கூட 2007ஆம் ஆண்டில் இலங்கை உயர் நீதிமன்றம் கட்டுப்படுத்தி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கலாகாது என்று கட்டளையிட்டது. இங்கே ஜேர்மனியிலும் இரவு ஓய்வு என்பது பொதுவாக அதே 10 முதல் 6 வரைதான். ஆக, "இது வெள்ளைக்காரன்ரை வழக்கம்" என்று ஒதுக்கிவிட முடியாது. உறங்கும் மனிதனின் காது எங்கும் ஒன்றுதான்.

பிள்ளையின் மழலையைக் குழலுக்கும் யாழுக்கும் மேலாக வைத்த வள்ளுவரை எமது மேடைகளில் அடிக்கடி எடுத்துக்காட்டுவர். ஆனால் அவர் சொன்னது தம் பிள்ளைகளின் மழலையைப் பற்றி. கீழ்வீட்டுக்காரரின் பிள்ளையைப் பற்றி அவர் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. அயலவர் காதுக்கு எமது பிள்ளையும் யாழாக ஒலிக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது சற்று அதிகம்.

எமது சமூகம் இந்த விடயத்தில் ஒருமுறை பெரிதாகவே சோதிக்கப்பட்டது. ஹம் நகரில் 1989ஆம் ஆண்டு ஒரு வீட்டின் நிலவறையில் தொடங்கப்பட்ட காமாட்சி அம்பாள் ஆலயத்தின் வரலாறு வாசகர்கள் அறிந்ததே. தேர்த்திருவிழாவுக்கு வருவோர் தொகை ஆண்டுதோறும் பெருக, குடியிருப்புத் தெருக்கள் தாங்கவில்லை. வாகன நெரிசல் பற்றியும் சத்தம் பற்றியும் அங்கு வசித்த ஜேர்மனியர்கள் முறையிட்டார்கள். அப்போது இரண்டு வழிகள் கண்ணுக்குத் தெரிந்தன. ஒன்று, விழாவைச் சுருக்கி, கதவைச் சாத்தி, பழையபடி நிலவறைக்குள்ளே கொண்டாடுவது. மற்றது, எமக்கும் வழிபாட்டுச் சுதந்திரம் உண்டு என்று சொல்லி அதே தெருவில் நின்றுபிடிப்பது. நடந்தது இரண்டுமன்று. நகருக்கு வெளியே ஊன்ரொப் தொழிற்பேட்டையில், தீர்த்தத்துக்கு வாய்ப்பாகக் கால்வாய்க்கு அண்மையில், நிலம் தேடப்பட்டது. அங்கே 17 மீற்றர் உயரக் கோபுரத்துடன் கட்டப்பட்ட ஆலயத்துக்கு 2002 ஜூலையில் கும்பாபிஷேகம் நடந்தது. மேளத்தின் ஓசை அங்கே குறைக்கப்படவில்லை. முன்னர் முறையிட்ட தெருக்காரருக்கு அவர்களுடைய அமைதியும் திரும்பக் கிடைத்தது. இதை எமது தோல்வி என்று சொன்னவர்களும் உண்டு. தொழிற்பேட்டைக்குத் தள்ளிவிட்டார்கள் என்ற மனக்குறை இன்றும் சிலரிடம் இருக்கிறது. எமக்கு அது அப்படித் தோன்றவில்லை. தேர் ஓடுவதற்கு இடம் வேண்டும். அந்த இடத்தைத் தேடிக்கொண்டோம்.

பிள்ளைக்கும் இதே கணக்குத்தான் பொருந்தும். குதிப்பது பிள்ளையின் உடம்புக்குத் தேவையான விடயம். அதை மூன்றாம் மாடியில் மறுக்கிறோம் என்றால், வேறோர் இடத்தில் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். தெருமுனையிலே விளையாட்டிடம் இருக்க, "குளிர்", "வேலை", "நாளைக்குப் போவம்" என்று நாட்களைக் கடத்திவிட்டு, மாலையில் வீட்டுக்குள் துள்ளும் பிள்ளையைப் பார்த்து உறுக்குவது நியாயமாகாது. மழையிலும் பனியிலும் றப்பர் சப்பாத்துப் போட்டுப் பிள்ளைகளை வெளியே விடும் ஜேர்மனியத் தாய்மாரைப் பார்த்து எமது அம்மம்மாமார் "தடிமன் பிடிக்கப்போகுது" என்று பதறுவார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குள் வரும்போது களைத்து வருகின்றன என்பதையும் அம்மம்மாமார் கவனிக்க வேண்டும்.

இவ்விடத்தில் பெரியவர்களின் சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. பிள்ளையைப் பார்த்து "உஷ்" என்று சொல்லும் அதே வாய்தான், ஊரிலுள்ள உறவுகளோடு தொலைபேசியில் கதைக்கும்போது கம்பியில்லாமலே கொழும்புக்குக் கேட்கும் அளவுக்கு உயர்கிறது. விருந்து முடிந்து புறப்படும் விருந்தினர், விடைபெறும் படலத்தை வீட்டுக்குள் தொடங்கி, மாடிப்படியில் வளர்த்து, வாசற்கதவடியில் நள்ளிரவு தாண்டி முடிக்கிறார்கள். இந்நாட்டிலே ஞாயிற்றுக்கிழமையின் அமைதி அரசியலமைப்பால் பாதுகாக்கப்பட்டது. 1919ஆம் ஆண்டின் வைமார் அரசியலமைப்பிலிருந்து 1949ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டத்துக்குள் எடுத்துக்கொள்ளப்பட்ட விதி அது. அந்த ஞாயிறு காலையில் இடியப்ப மாவுக்கு அரிசி இடிப்பவர்கள் யார்? நான்கு வயதுப் பிள்ளைகளா? பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. சத்தம் தவறு என்றல்ல, சிறியவர்களின் சத்தம் மட்டுமே தவறு என்று அவை விளங்கிக்கொள்கின்றன.

இரவில் அழும் கைக்குழந்தையின் விடயம் வேறு. அதில் யாருக்கும் குற்றமில்லை. குழந்தைக்குக் கற்பிக்கவும் ஒன்றுமில்லை. ஆயினும் பயம் மிகக் கொடிதாக வேலைசெய்வது இங்கேதான். கணவன் இரவு வேலைக்குப் போய்விட, உதவிக்குத் தாயோ மாமியோ இல்லாத ஓர் இளம் தாய், இரவு மூன்று மணிக்கு, அழும் பிள்ளையைவிடச் சுவருக்கு அப்பால் இருப்பவரையே அதிகம் நினைத்து நடுங்குகிறாள். எப்படியாவது இந்தச் சத்தத்தை நிறுத்தவேண்டும் என்ற வெறி அந்த நேரத்தில் எந்த நல்ல மனிதருக்கும் வரும். கைக்குழந்தையை ஆத்திரத்தில் சில விநாடிகள் பலமாகக் குலுக்கினாலே மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம், உயிரும் போகலாம். ஆகவே ஒன்றைத் திட்டமாகச் சொல்ல விரும்புகிறோம். தாங்கமுடியாத கட்டத்தில் குழந்தையைத் தொட்டிலில் பத்திரமாக மல்லாக்காகக் கிடத்திவிட்டு, அறையை விட்டு வெளியே வந்து சில நிமிடங்கள் மூச்செடுங்கள். குழந்தை அழட்டும். அயலவரும் விழித்துக்கொள்ளட்டும். அடுத்த நாள் மருத்துவிச்சியிடமோ குழந்தை வைத்தியரிடமோ சொல்லுங்கள். ஓயாமல் அழும் குழந்தைகளின் பெற்றோருக்கென்றே ஷ்ரைஅம்புலன்ஸ் என்னும் ஆலோசனை நிலையங்கள் இந்நாட்டின் பல நகரங்களில் உண்டு. அயலவரின் நித்திரை பெறுமதியானதுதான். ஆனால் அந்த இரவில் தராசின் மறுதட்டில் இருப்பது ஓர் உயிர்.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? இதற்குப் பெரிய கல்வி தேவையில்லை. எமது வீடுகளிலேயே பாடம் இருக்கிறது. எம்மவரில் எத்தனையோ தந்தைமார் உணவகக் குசினிகளிலும் தொழிற்சாலைகளிலும் இரவு வேலை செய்து விடியப்புறம் வந்து படுத்தவர்கள், இன்றும் படுப்பவர்கள். "அப்பா நித்திரை" என்ற ஒரு சொல்லுக்கு மூன்று வயதுப் பிள்ளையும் விரல்நுனியில் நடக்கும். அங்கே பூச்சாண்டி இல்லை, பொலிஸ் இல்லை. அப்பாவின் களைத்த முகம் பிள்ளைக்குத் தெரியும், அவ்வளவுதான். சில வேளைகளில் மறந்து சிரித்துவிட்டுத் தானே வாயைப் பொத்திக்கொள்ளும். நாம் தேடும் அக்கறை இதுதான். அது ஏற்கெனவே பிள்ளையிடம் இருக்கிறது. கீழ்வீட்டில் இருப்பவருக்கு முகம் இல்லாததால்தான் அது அங்கே செல்வதில்லை.

முகத்தைக் கொடுப்பது பெற்றோரின் வேலை. முறைப்பாடு வந்த பின் மன்னிப்புக் கேட்கப் போகும்போது பிள்ளையைக் கூட்டிச்செல்வதைவிட, ஒன்றும் நடக்காத ஒரு சாதாரண நாளில் கூட்டிச்செல்வது நல்லது. தைப்பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஒரு தட்டுப் பலகாரம் போதும். உறைப்புக் குறைந்ததாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அவருடைய பெயரைப் பிள்ளை அறியவேண்டும். அவர் வைத்தியசாலையில் இரவு வேலை செய்பவரா, முழங்கால் நோவால் நித்திரையில்லாதவரா, கணவனை இழந்து தனியே இருப்பவரா என்பதும் தெரியவேண்டும். பிறந்தநாள் விழாவுக்கு முன்னர் மாடிப்படிச் சுவரில் இரண்டு வரி எழுதி ஒட்டுவது ஜேர்மனியரிடமும் உள்ள வழக்கம். அந்த வரியைப் பிள்ளையே எழுதட்டும். எழுத்துப் பிழையோடு எழுதினால் இன்னும் நல்லது.

கேட்கக்கூடிய மறுப்பு ஒன்று உண்டு. எல்லா அயலவரும் பலகாரத்துக்கு மயங்குபவர்கள் அல்லர். சிலர் கதவே திறப்பதில்லை. பிள்ளை பகல் நான்கு மணிக்கு நடந்தாலும் தடியால் முகட்டில் இடிப்பவர்கள் இருக்கிறார்கள். எமது நிறத்தைப் பார்த்தே இடிப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறைக்கத் தேவையில்லை. அப்போது பிள்ளைக்கு என்ன சொல்வது? "அவ நல்லவ, நீதான் கெட்ட பிள்ளை" என்று சொல்லிச் சமாதானம் வாங்குவதை நாம் ஒருபோதும் ஏற்கமாட்டோம். பிள்ளையிடம் பொய் சொல்லி வாங்கும் அமைதி அது. பிள்ளையின் வயதுக்கேற்ற உண்மையைச் சொல்லலாம்: "நீ செய்தது பிழையில்லை. அவ செய்யிறதுதான் சரியில்லை. நாங்கள் எட்டு மணிக்குப் பிறகு பந்தடிக்கிறதில்லை எண்டது வேறை விசயம். அவ நல்லவவாய் இருந்தாலும் அடிக்கமாட்டம்." பெரியவர்கள் செய்யவேண்டிய மிகுதியைப் பெரியவர்களே செய்யவேண்டும். வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுதுவதும், தேவையானால் வாடகைக் குடியிருப்பாளர் சங்கமான மீற்றர்ஃபெராயினில் சேர்ந்து ஆலோசனை பெறுவதும் எமது வேலை. அந்தக் கடிதங்களைப் பிள்ளையை வைத்து வாசிப்பிக்காதீர்கள், பதிலையும் பிள்ளையைக்கொண்டு எழுதுவிக்காதீர்கள். டொச் தெரிந்த பெரியவர்கள் ஆலயத்துக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வருகிறார்கள், அவர்களைக் கேளுங்கள்.